மவுன்ட் லாரலை மறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர்களில் வரிக்கழிவு நிதியில் (முதலீடு செய்பவர்களுக்கு அரசு வரியைக் குறைத்துத் திரட்டும் நிதி) குறைந்த வாடகை வீடுகள் கட்டும் பேச்செடுத்தாலே, "வெளியாட்கள் வந்து ஊரே மாறிவிடும்" என்று எதிர்ப்புக் கிளம்புகிறது. நியூ ஜெர்சியின் மவுன்ட் லாரலில் நடந்தது நேர்மாறு. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள்தான், புறநகர் மனைகள் பெருகியபோது வீடு கிடைக்காமல் தவித்தன. பழைய கோழிக் கொட்டகைகளைத் திருத்திக் குடியிருந்தவர்களும் உண்டு. குறைந்த வாடகை வீடுகளுக்கு இடம்தராத ஊர் விதிகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், எதெல் லாரன்ஸ் என்ற குழந்தைகள் காப்பக ஆசிரியை முன்னின்றார். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் பெயரிலான குடியிருப்பில் முதல் குடும்பங்கள் குடியேறியது 2000இல்தான். அதற்குள் அவர் காலமாகிவிட்டார், எவ்வளவு பெரிய கொடுமை!

அந்தக் குடியிருப்பின் 140 வீடுகளுக்கும் வரிக்கழிவு நிதி கைகொடுத்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பு சரியவில்லை, குற்றமும் கூடவில்லை என்று பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியின் குழு ஆராய்ந்து சொன்னது.

என் கவலை வேறு. 1990 முதல் இந்த வரிக்கழிவுத் திட்டத்தில் வந்த வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 30 ஆண்டுகள். அது முடிந்ததும் வாடகை ஏறினால், அங்கேயே மூப்படைந்தவர்கள் எங்கே போவார்கள்? ஊர் மன்றங்கள் இதை இப்போதே பேச வேண்டும்.

- வாசகர், நியூ ஜெர்சி