மினுக்காமல் விற்றுக் கொடுங்கள்

பழைய ராணுவப் பொருள்களை ஏலம் விடும் இங்கிலாந்து நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களில் ஒருவரிடம் (பெயர் வேண்டாம்) பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் வாள் ஒன்றை வாங்கினேன். 1827-இல் வந்த வடிவம்: சிங்கத்தலைக் குமிழ், வெள்ளை மீன்தோல் சுற்றிய கைப்பிடி, நங்கூரம் பதித்த கைக்காப்பு. 1846-இல் மாறிய, பள்ளம் ஓடும் அலகு. நிலை பற்றி உங்கள் குறிப்பில் இரண்டே சொல்: 'நல்ல நிலை'.

பெட்டியைப் பிரித்தேன். வாள் கண்ணாடி போல மின்னியது. பார்த்ததும் பகீரென்றது.

இந்த அலகில் மகுடமும் நங்கூரமும் அன்றைய அரசர் அல்லது அரசியின் பெயரெழுத்துகளும் அமிலத்தால் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு ஆழமே கிடையாது. மெருகுச் சக்கரத்தில் காட்டக் காட்டக் கரைந்துவிடும். என் வாளைச் சாய்த்துப் பிடித்தால் நங்கூரத்தின் ஒரு கொக்கி மட்டும் தெரிகிறது. விக்டோரியா காலத்ததா, எட்வர்ட் காலத்ததா என்று சொல்லக்கூடிய எழுத்தே போயிற்று. கைக்காப்பிலும் அதே கதை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம், அது பித்தளை. இது பித்தளை மேல் பொன்முலாம். தேய்த்தால் போனது போனதுதான். துருப்பிடித்த வாளைக்கூட மன்னித்து வாங்கியிருப்பேன்.

சரி, நிலைக் குறிப்பில் இனி என்ன எழுதலாம்? பொறிப்பு எவ்வளவு மிச்சம், முனையில் விளிம்பு உடைந்திருக்கிறதா, கைப்பிடிக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று எழுதுங்கள். கைக்காப்பின் உட்பக்கம் ஒரு சிறு மடக்குத் தகடு உண்டு. அதன் துளை உறையிலுள்ள குமிழில் மாட்டிக்கொள்ளும், வாள் நழுவாது. அது இன்னும் மாட்டுகிறதா? அப்புறம் தோலுறை. பழைய தோல் சுருங்கும், தையல் விடும். வாள் முழுவதும் உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாமல் அப்படியே படம் எடுங்கள். தோலுறைக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்த வாள் ஈரத்தில் புள்ளி புள்ளியாய்த் துருப்பிடித்திருக்கும். அதையும் மறைக்க வேண்டாம். வில்கின்சன் என்ற லண்டன் நிறுவனம் செய்த வாளாக இருந்தால் அலகின் முதுகில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். விற்ற ஆண்டைத் தேட அதுதான் வழி.

உங்கள் அடுத்த ஏலப் பட்டியலில் ஒரு வாள் பார்த்தேன். சிங்கத்தின் பிடரி மடிப்பெல்லாம் கறுத்திருக்கிறது, இடுக்குகளில் முலாம் தெரிகிறது. அதில் கை வைக்காதீர்கள். அன்று நான் ஏலம் கேட்க வருவேன்.

இப்படிக்கு,
ஏமாந்த ஒரு வாடிக்கையாளன்