'அச்சப்பட வேண்டாம்' என்றால் அச்சம் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும், உங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் 'பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. சொல்பவர் ஒரு நாள் அதிகாரியாக இருப்பார், இன்னொரு நாள் அமைச்சராக இருப்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டுப் பயம் தெளிந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பயந்தவர் அதற்கு மேல் கேட்காமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம், வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஊர்களில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்க மாட்டார்கள். பிரஷர் பார்க்கத்தான் வருவார்கள். "சிஸ்டர், நெஞ்சு படபடன்னு அடிக்கு." "கையும் காலும் ஓஞ்சு ஓஞ்சு வருது." "ராத்திரி படுத்தா திக்கு திக்குன்னு இருக்கு." பார்த்தால் பிரஷர் சரியாக இருக்கும். சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, "ஒண்ணுமில்லம்மா, பயப்படாத" என்று அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. நோய் மட்டும் வந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு அம்மாளை இப்போதும் நினைத்துக்கொள்வேன். மடியில் சொளவு, அதில் இலையும் தூளும். பேசும்போதும் விரல் நிற்காது. "செவ்வாக்கிழமை காலைல மட்டும் வயித்தக் கலக்குது சிஸ்டர்" என்றார். மற்ற நாட்களில் இல்லையாம். செவ்வாய்க்கிழமை அப்படி என்ன என்று கேட்டேன். சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்குத்தான குழுக்காரர் வாராவ" என்றார். மகள் பிரசவத்துக்கு வாங்கிய வாரக் கடன். இரண்டு தவணை விட்டுப் போயிருந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அந்த வயிற்று வலிக்கு என் பெட்டியில் மாத்திரை கிடையாது. ஆனாலும் விஷயம் வெளியே வந்ததால், மகளிர் குழுத் தலைவியிடம் பேசித் தவணையைத் தள்ளி வாங்க முடிந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பியிருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

ஆண்கள் இதைவிட மோசம். உடம்பைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டார்கள். ஐப்பசியில் டீக்கடைப் பக்கம் போனால், "பாபநாசத்துல எத்தன அடி கெடக்கு அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்பார். அணையின் மொத்த உயரம் 143 அடி என்பது அவருக்கு மனப்பாடம். காலையில் பேப்பரைப் பார்த்திருப்பார், அன்றைய நிலவரமும் தெரியும். இருந்தாலும் கேட்பார். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவலாமா, நகையை அடகு வைத்து உழலாமா என்ற யோசனை அந்தக் கேள்விக்குள் கிடக்கும். பக்கத்தில் இருப்பவர் அடியைச் சொல்லிவிட்டு, "ஏன், நடவுக்குப் பணம் பத்தலையா?" என்று கேட்டால் அதற்கு அப்புறம்தான் பேச்சே தொடங்கும். கோயில் கொடை விழாவில் சாமியாடும் கோமரத்தாடியிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறார்களே, எதனால்? திருநீறு பூசும் முன்பு அவர் "என்ன குறை?" என்று கேட்கிறார். கேட்பவரிடம்தான் சனங்கள் சொல்வார்கள்.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேரோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. அன்று எங்கள் மீனாட்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு போனில் ஒரே பேச்சு: "குறுக்குத்துறைக் கோயில்ல தண்ணி எங்க நிக்கு?" "தைப்பூச மண்டபம் தெரியுதா, முங்கிட்டா?" தாமிரபரணி ஆற்றங்கரைக்காரர்களுக்கு இந்தக் கோயிலையும் மண்டபத்தையும் விட நல்ல அளவுகோல் கிடையாது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், மண்டபத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சொன்னால், எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். அன்று கேட்ட குரல்களில் நடுக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது.

அப்போது மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும், யாரும் அச்சப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனது. எதிர் வீட்டு ஆச்சி நடையில் நின்று, "எய்யா, நம்ம தெருவுக்கு வருமா வராதா, அதச் சொல்லிட்டுப் போ" என்று கத்தினார். ஆட்டோ நிற்கவில்லை. ஓட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. கன அடியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றவா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போகவா என்று அவர் முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

பதில் கிடைக்காத இடத்துக்கு வாட்ஸ்ஆப் வந்துவிடும். 'மணிமுத்தாறு டேம் உடைஞ்சிருச்சாம்' என்று யாரோ ஒருவர் மூச்சு வாங்கப் பேசிய குரல் பதிவு ஊரைச் சுற்றும். வதந்தி பரப்பினால் நடவடிக்கை என்று காவல்துறை எச்சரிப்பது நியாயம்தான். இருட்டில் சனங்கள் பதறி ஓடினால் உயிர் போகும். ஆனால் சரியான தகவல் முந்தி வந்திருந்தால் அந்தப் பதிவை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

இது மழையோடு நிற்கிற விஷயமும் இல்லை. சுனாமியைக் கண்ணால் பார்த்த இடிந்தகரை மக்கள், 2011-ல் ஜப்பானில் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, பக்கத்தில் இருக்கும் கூடங்குளம் அணு உலையைப் பார்த்துப் பயந்தார்கள். மறு வருடம், அவர்களுக்கு கவுன்சிலிங் கொடுக்க பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்களின் உதவியை மத்திய அரசு நாடியதாகச் செய்தி வந்தது. சுகாதாரத் துறையில் இருந்த எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. மனநல மருத்துவம் பெரிய சேவை, அதை இதற்கு இழுத்திருக்கக் கூடாது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது, கூடவே 15 வழிகாட்டுதல்களையும் கொடுத்தது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். அந்த மீனவப் பெண்கள் கேட்டவை பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல், நம் கலெக்டர் ஆபீசிலேயே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் உயிரை விட்டது. எழுதக் கை நடுங்குகிறது. அதற்குப் பிறகு திங்கள்கிழமை மனு கொடுக்க வருபவர்களின் பையையும் பாட்டிலையும் வாசலில் சோதிக்கிறார்கள். சோதிக்க வேண்டியதுதான். அதே வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரையோ ஆலோசகரையோ உட்காரவைத்து, "என்னம்மா, என்ன கஷ்டம்?" என்று கேட்கச் சொல்லவும் வேண்டும். மனுவில் 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று இருக்கும், வீட்டில் மூன்று நாளாக யாரும் சாப்பிடவில்லை என்பது இருக்காது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம் என்பது எங்கள் ஊர்ப் பெண்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. மனு எழுதும் இடத்தில் கண்ணில் படும்படி அதை எழுதி ஒட்டலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. தினமும் அணை நிலவரம் போடுகிறீர்கள். எத்தனை கன அடி வந்தால் தைப்பூச மண்டபம் மூழ்கும், எத்தனைக்கு மேல் போனால் சிந்துபூந்துறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் உள்ளே வரும், பாபநாசத்தில் திறந்த தண்ணீர் கொக்கிரகுளம் பாலத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் அதன் கீழே போடுங்கள். நீர்வளத்துறைப் பொறியாளர்களிடம் கேட்டால் கிடைக்கும். இந்தக் கார்த்திகைக்குள் வந்துவிட்டால், அதைக் கத்தரித்து எங்கள் தெரு வீடுகளின் கதவில் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி.