பஜார் மாடிகளின் சாவியைக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் மலையகச் சிறுநகரத்தின் வீட்டுக்காரர்களுக்கும் பாஸ்மாருக்கும், நொத்தாரிசு ஐயாவுக்கும், கிராம உத்தியோகத்தர் மிஸ்ஸுக்கும் வணக்கம்.

பூட்டிக் கிடந்த கடை மாடிகளில் இப்போது விளக்கெரிகிறது. அங்கே குடியிருப்பவர்களில் பலர் தன்பாலீர்ப்பினர் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியைக் கொடுத்தீர்கள்.

தோட்டத்து லயன் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறை, தோட்ட நிர்வாகத்தின் கையில், அங்கே தனியாக ஓர் அறை எடுக்க முடியாது. ஆகவே வீட்டோடு ஒத்துப்போகாத பிள்ளைக்கு மலையில் மிஞ்சியிருப்பது டவுன் அறை மட்டுமே. அங்கும் "கல்யாணம் ஆகாதவங்களுக்குக் கொடுக்கிறதில்ல" என்றால் அடுத்தது கொழும்பு பஸ்தான். தையல் தெரிந்தவர், கேக் அடிக்கத் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் என்று கடைவீதிக்கு வேண்டிய கைகள் அந்த பஸ்ஸில்தான் போயின. வீட்டுக்காரர்களே, "கல்யாணம் ஆயிட்டதா?" என்று கேட்காமல் விட்டதற்கு நன்றி.

நொத்தாரிசு ஐயா, வாய்ப்பேச்சு வாடகை எவ்வளவு பலவீனமானது என்பதைப் பொறுமையாக விளக்கினீர்கள். 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், 2 சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இருவர் சேர்ந்து குடியிருந்தால் இருவர் பெயரையும் போட வைத்தீர்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர் என்பதால் மரணசாசனத்தையும் (உயில்) நினைவூட்டினீர்கள். நொத்தாரிசு இருந்தால் அதற்கு 2 சாட்சி போதும், இல்லாவிட்டால் 5 பேர் வேண்டும்.

மேசன் பாஸுக்குத் தனி நன்றி. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக உரிந்துவிடும். அதனால் சீமெந்தைச் சுரண்டியெடுத்துச் சுண்ணாம்பே பூசினார். கூரைத் தகரத்தில் ஆணியைப் பள்ளத்தில் அடித்த பழைய தவறையும் திருத்தினார். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், ஆகவே ஆணி மேட்டில்தான் இறங்க வேண்டும். தகரத்துக்குத் தகரம் நீளவாக்கில் குறைந்தது 6 அங்குலம் மேலேற வேண்டும். வானவில் கொடி கட்டுவதைவிட இந்த ஆறு அங்குலம் ஊருக்கு அதிகம் உதவியது என்பது எங்கள் அபிப்பிராயம்.

வதிவிடச் சான்றிதழுக்கும் வாக்காளர் இடாப்புக்கும் தேவையானதை மட்டும் கேட்டு, "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று துருவாத மிஸ்ஸுக்கும் நன்றி.

பயந்தவர்களும் இருந்தார்கள். 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படும் 365, 365அ பிரிவுகளைக் காட்டி, வீடு கொடுத்தால் நமக்கும் கேஸ் வருமா என்று கேட்டார்கள். அப்பிரிவுகள் தண்டிப்பது செயலை. ஒருவர் யாரென்பதோ, இருவர் ஒரே கூரையின்கீழ் குடியிருப்பதோ குற்றமல்ல. தன்பாலுறவு குற்றமாகாதபடி அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் டீக்கடை வாங்கில் உட்கார்ந்து விளக்கிய சட்டத்தரணிக்கு ஒரு பிளேன்டீ கடன்.

தன்பாலீர்ப்பினர் வந்தால் ஊர் செழிக்கும் என்பதில் அளவு மீறிய நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஃப்ளோரிடாவும் கேரி கேட்ஸும், தன்பாலீர்ப்பினர் செறிந்து வாழும் நகரங்களில் உயர்தொழில்நுட்பத் தொழிலும் செழிப்பதைக் காட்டினார்கள். அவர்களுக்குக் கதவடைக்காத ஊர் மற்ற வந்தேறிகளுக்கும் அடைக்காது என்பது அவர்கள் விளக்கம். காரணம் எது, விளைவு எது என்ற வாதம் தீரவில்லை. நியூ ஜெர்சியின் அஸ்பரி பார்க் 1970 கலவரத்துக்குப் பின் பாழாய்க் கிடந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து தன்பாலீர்ப்பினர் அங்கே பழைய விக்டோரிய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டார்கள். ஊர் எழும்பியது. விலையும் எழும்பியது, ஏழைகளுக்கு அங்கே இருப்பதே பாடாகிவிட்டது.

அதனால்தான், கீழே 20 வருஷமாகச் செருப்புத் தைக்கிறவரின் வாடகையை, மேலே புது ஆள் வந்த சாக்கில் ஏற்றாத முதலாளிக்கு எங்கள் பெரிய நன்றி. அப்படி ஏற்றியிருந்தால் அவருடைய கோபம் மாடியில் இருப்பவர்கள்மீதுதான் திரும்பியிருக்கும்.

மணிக்கூட்டுக் கடைக்கு மேலுள்ள அறையில் இன்னும் ஒழுகுகிறது. பாஸ், ஒக்டோபர் மழைக்கு முன்னே ஒருதரம் ஏறிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பஜார் மாடிக் குடியிருப்பாளர்களும் கீழ்க்கடைக்காரர்களும்