இடுப்பப் பாத்துக்கோ

அன்பு மகள் இசக்கிக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சொகம். உன் சொகத்த எழுதித்தான் கேக்க வேண்டியிருக்கு. போன் போட்டா மணி மட்டும் அடிக்கு.

"வேலை சாஸ்தியா இருக்கும், விடு"ங்காவ உங்க அப்பா. சரின்னு விட்டுட்டேன். சாப்பிடுதியா? நீ வேலை பாக்குற எடத்துல அந்த நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஊட்டிட்டு நீ ஆறுனதத் திங்காத. படுக்க வச்சு ஊட்டாத. உக்கார வச்சு, தலை பின்னால சாயாம புடிச்சுக்கிட்டு ஊட்டு, இல்லன்னா புரையேறிரும். தூக்கும்போது இடுப்ப வளைக்காத. முட்ட மடக்கி, பிள்ளைய நெஞ்சோட அணைச்சு எந்திரி. பெரிய பிள்ளைன்னா இன்னொரு ஆளக் கூப்பிடு. தூக்கப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூக்கு. சொல்லாம தூக்குனா மூட்டையத் தூக்குன மாதிரி இருக்கும்பான் மாமா.

பாளையங்கோட்டை டீச்சர ஒரு கல்யாண வீட்டுல பாத்தேன். அவங்களாத்தான் உன்னக் கேட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல. காலேஜப் பாதியில விட்டா என்ன, டிகிரி இல்லாமலே இதுல வரலாம், ப்ளஸ் டூவுக்கு மேல ரெண்டு வருசம் சிறப்புக் கல்வி டிப்ளமோ படிக்கட்டும்னாங்க. பாதி மார்க்கு வேணுமாம், உனக்குத்தான் அதுக்கு மேலயே இருக்கே. ஆனா சேருற எடத்துக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கணும். முடிச்சதும் அங்க பேரப் பதியணும். அதுக்கு 1992லயே சட்டம் இருக்காம். எவனாவது சர்ட்டிபிகேட் தாரேன்னா மொதல்ல அங்கீகாரத்தக் கேளு. முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்காமே, நீ இருக்க கேளம்பாக்கத்துக்குப் பக்கந்தான். நேர்ல போயி கேளு. ரெண்டே வருசம், படிச்சிரு. அம்மா சீட்டு இந்த வருசம் முடியுது.

பீடிக்கடையில சுப்பக்கா, "ஒம்மவ ஆயா வேலை பாக்காளாமே"ன்னா. ஆய்க்குடிக்குப் போயி மாற்றுத்திறனாளிகளுக்கு நடத்துற அமர் சேவா சங்கத்தப் பாத்துட்டு வந்து பேசுன்னேன். கழுத்துக்குக் கீழ அசைவில்லாத ராமகிருஷ்ணன் 1981ல ஆரம்பிச்சது, அவருக்கு பத்மஸ்ரீயே குடுத்தாச்சு, அந்த மாதிரி எடத்துல தூக்கிவிட ஆளில்லன்னா எந்தப் பிள்ளை வகுப்புல போயி உக்காரும்னு கேட்டேன். வாய மூடிட்டா. எலையக்கூட எண்ணாம வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா அன்னைக்கு உங்கிட்ட நானும் அதே வார்த்தையத்தான் சொன்னேன். அதுக்காக இருவது நாளாட்டி?

டிப்ளமோவ மறந்துராத.

கீழத்தெரு வாத்தியார் போன வாரம் தவறிட்டாரு. மாமா மூணாங் கிளாஸோட நின்னது அவராலதான்னு சின்னதுல இருந்து கேட்டிருப்ப. "கால் வெளங்காதவன இனி கூட்டிட்டு வராத"ன்னு அவரு சொன்னதா ஆச்சிகிட்ட சொன்னது நாந்தான். அவரு அப்படிச் சொல்லவே இல்ல.

எனக்கு அப்போ பதினோரு வயசு. அவன இடுப்புல வச்சு வாய்க்காலத் தாண்டிக் கொண்டுபோவணும். மத்தவளுக தட்டாங்கல் ஆடுவாளுக, நான் அவன ஒண்ணுக்குத் தூக்கிட்டு அலைவேன். ஒரு திங்கக்கெழம இடுப்பு தாங்கல. சொல்லிட்டேன். ஆச்சி போயி கேக்கல, அந்தக் காலத்துல யாரு கேட்டா. வாத்தியார்தான் ஒரு நா வீடு தேடி வந்தாரு. ஆச்சி நடவுக்குப் போயிருந்தா. வாசல்ல நான் நின்னேன். தம்பிக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் உள்ள தூங்கிக்கிட்டு இருந்தான். நான் பத்தாவது வரைக்கும் போனேன்.

வாத்தியார் வீட்டுத் துட்டிக்கு மாமாவக் கூப்பிட்டேன். "என்ன வேண்டாம்ன ஆளு வீட்டுல எனக்கென்ன வேலை"ன்னு பீடித்தட்ட இழுத்து மடியில வச்சுக்கிட்டான். நான் மட்டும் போயிட்டு வந்து குளிச்சேன்.

உங்க அப்பாவுக்குக்கூடத் தெரியாது. கோயில் கொடைக்கு வா. நீ பக்கத்துல இருக்கையில அவன்கிட்ட சொல்லிரலாம்னு இருக்கேன்.

அம்மா