கேபின் வீட்டை இறக்குமுன் கெரானைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறுபவர்களில் சிலர், தெரிந்தவர் நிலத்தில், ஆயத்தமாகச் செய்து லாரியில் வரும் கேபின் வீட்டை இறக்கிக் குடியேறுகிறார்கள். கையில் கேபின் வாங்கிய ரசீது இருக்கிறதே என்ற தைரியம் போதாது.

காருக்குக் கடன் இருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் வங்கியின் உரிமைக் கோரல் தெரிந்துவிடும். கேபினுக்கு, நிலத்துக்கு இருப்பதுபோல் கெரானும் (உரிமைப் பத்திரமும்) இல்லை, அப்படியொரு பதிவேடும் இல்லை. பழைய கேபின் என்றால் முதல் விலைச்சீட்டையும், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நிலத்தின் கதை வேறு. மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, மண்ணோடு நிலையாகப் பொருத்தியதும் நிலத்தில் சேர்த்தி. கட்டைமேல் சும்மா நிற்கும் கேபினை லாரியில் ஏற்றிவிடலாம். அதையே சிமெண்டுத் தூணில் போல்ட் போட்டு இறுக்கி, பக்கத்தில் செங்கல்லில் சமையலறையும் எழுப்பிவிட்டால், நிலக்காரர் கடன் கட்டாமல் நிலம் ஏலத்துக்குப் போகும்போது வீடும் கூடவே போகக்கூடும்.

ஆகவே முக்கிம் (வட்டாரப் பிரிவு), லோட் (மனை) எண், கெரான் எண்ணோடு நில அலுவலகத்தில் 'சாரியான்' (நிலப் பதிவேட்டின் இன்றைய நிலையைக் காட்டும் தேடல் சான்று) எடுங்கள். நிலக்காரர் நீட்டும் ஜெராக்ஸ், அது எடுத்த நாளின் நிலையைத்தான் காட்டும். பெயரோடு நிற்காமல் அடைமானம், கேவியட் (நிலத்தின்மேல் உரிமை கோரிப் போடும் தடைக் குறிப்பு), கூட்டுப் பங்கு மூன்றையும் பாருங்கள். பங்காளிகள் இருந்தால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். கடன் தீர்ந்தும், அடைமானத்தை நீக்கும் 16என் படிவத்தைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. அடைமானம் ஏட்டில் அப்படியே கிடக்கும்.

சாரியான் சுத்தமாக இருந்தாலும் அசல் கெரானைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கடனுக்கு ஈடாக அது வட்டிக்காரர் பெட்டியில் இருக்கலாம். 281ஆம் பிரிவின்படி அவர் 19டி படிவத்தில் கேவியட் போட்ட பிறகுதான் அவருடைய பிடிமானம் (கடனுக்காக நிலத்தின்மேல் உள்ள உரிமை) ஏட்டில் ஏறும். இன்று போடாதவர் நாளை போடலாமே!

வாடகை ஒப்பந்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முத்திரை வரி கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பு. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 15ஏ படிவத்தில் பதிய வேண்டும். 3 ஆண்டுக்கு உட்பட்டதைப் பதியத் தேவையில்லை. ஆனால் கெரானில் குறிப்பேற்றாவிட்டால், நாளை நிலத்தை வாங்குபவரையோ அடைமானம் பிடிக்கும் வங்கியையோ அது கட்டுப்படுத்தாது. ஏற்கெனவே அடைமானத்தில் உள்ள நிலமென்றால், லாரி வருவதற்கு முன்பே வங்கியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட்