பேத்தி நடத்திய மலையேற்றம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததென்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் இறக்கத்தில் முனகுகிறது; ஏற்றத்தில் வாய் திறப்பதில்லை.

விடுமுறையில் பேரனை மலைப்பக்கம் கூட்டிப்போகப் போவதாகவும், அங்கே அவனுக்கு என்னென்ன சொல்லித்தரலாம் என்று பட்டியல் வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். நானும் பேத்தியும் இப்போதுதான் அப்படி ஒரு பயணம் போய்வந்தோம். அதை வைத்துச் சொல்கிறேன், பட்டியலெல்லாம் வேண்டாம். அவனுக்குப் பாடம் நடத்தாதே, வேலை கொடு. சும்மா கைக்குக் கொடுக்கும் வேலை இல்லை; அவன் செய்யாவிட்டால் பயணமே தடைபடுகிற மாதிரியான நிஜ வேலை.

இவளுக்குப் பத்து வயது. கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தை அவளிடம் கொடுத்து, போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நீயே கணக்குப் போடு என்றேன். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதை உச்சிவரை 5 கிலோமீட்டர், ஏற்றமும் ஏறக்குறைய 600 மீட்டர். ஆக இரண்டு மணி நேரம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நல்லா நடக்கிறவங்களுக்கு. உங்களுக்கு ரெண்டால பெருக்கணும்" என்றாள். பெருக்கினாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்தாள்.

அந்த இரட்டிப்பு நேரம் முழுவதும் தேவைப்பட்டது, ஆனால் என்னால் இல்லை! பாறையில் வெளிர்பச்சையாகப் படர்ந்திருந்த லைக்கனைப் பார்த்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அது ஒற்றை உயிரில்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்றேன். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும். பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் கொடுக்கும். சில வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலம் இருந்த ஒன்றைக் காட்டி, "இது உங்களைவிடப் பெரியவங்களா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பாறைகளில் காலை வைக்க என்னையும் விடவில்லை.

வெப்பமானியும் அவள் பொறுப்புதான். உயரம் கூடக் கூட, 1000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் யாருக்கு நினைவிருக்கும்? தானே அளந்து குறித்துக்கொண்டு போனவள், கம்பளிச் சட்டையை எப்போது எடுக்க வேண்டுமென்று எனக்குச் சொன்னாள்.

உச்சி கண்ணுக்குத் தெரிகிற நேரம் பார்த்து மேகம் திரண்டது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கு, இடி கேட்கும்வரை எண்ணு; மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று முன்பே சொல்லியிருந்தேன். முப்பதுக்குள் கேட்டுவிட்டால், அதாவது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், பேச்சே இல்லை, திறந்தவெளியை விட்டு இறங்க வேண்டும். முதல் முறை நாற்பதைத் தாண்டியது. அடுத்தது இருபத்தெட்டு. நான் உச்சியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. "இருபத்தெட்டு, தாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் சொல்லி இறங்கியிருந்தால் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். தானே எண்ணித் தானே எடுத்த முடிவு என்பதால், இரவு அம்மாவிடம் போனில் பேசும்போது உச்சியைத் தொடாததைப் பற்றிப் பேச்சே இல்லை, எப்படி இறங்கினோம் என்பதுதான் பெரிய கதை.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. உன் பேரன் அதை விட்டு எழுவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். பிடுங்காதே. இவள் அதை நொடி எண்ணவும் இலைகளைப் படம் பிடிக்கவும் வைத்துக்கொண்டாள். வேலை இருந்ததால் விளையாட்டு நினைவு வரவில்லை. வரைபடத்தை மட்டும் காகிதத்திலும் எடுத்துக்கொள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

மறுநாள் இரவு வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்திருந்தது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், அதுவரை வெள்ளை விளக்கைத் தொடக் கூடாது என்று பேசி வைத்து உட்கார்ந்தோம். ஆண்ட்ரோமீடா என்ற தொலைதூர விண்மீன் திரளைத் தேடினோம். நேராகப் பார்த்தால் அந்த மங்கல் திட்டு மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் இல்லாததுதான் காரணம். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. எனக்கு இல்லை. வயதாக ஆக, இருட்டில் கண்ணின் பாவை இளமையில் விரிந்த அளவுக்கு விரிவதில்லை. "அங்கதான் இருக்கு தாத்தா, பக்கத்துல பாருங்க" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். சுமார் 25 லட்சம் வருடத்துக்கு முன் கிளம்பிய ஒளி அது. நம்மைப் போன்ற மனிதர்கள் பூமியில் தோன்றுவதற்கும் வெகுகாலம் முந்தியது. கடைசியில் ஏதோ தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புது லென்ஸ் வைத்திருக்கும் நீ என்னைவிட நன்றாகப் பார்ப்பாய்.

மறக்காமல் செய்ய வேண்டியவை சில. அவசரத்தில் சிகிச்சை தர அவன் அப்பா அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்; அவனுக்கு ஒவ்வாதவை இருந்தால் அதிலேயே எழுதச் சொல். அவன் கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். கத்தினால் தொண்டை கட்டிவிடும். வழி தவறினால் தேடி அலையாமல் ஒரு மரத்தருகே நின்றுவிட வேண்டும் என்று இரண்டு முறையாவது ஒத்திகை பார். உன் மாத்திரைகள் பையில் எங்கே இருக்கின்றன, உனக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையைப் பயமுறுத்துகிற பேச்சு என்று மருமகள் சொல்வாள். சொன்னால் சொல்லட்டும். இவளிடம் நான் சொன்னபோது பயப்படவில்லை, மாத்திரைப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டாள். இறக்கத்துக்கு ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள், வெட்கப்படாதே.

நீ போகும் பாதையின் தூரமும் ஏற்றமும் தெரிந்ததும் எழுது. எவ்வளவு நேரமாகுமென்று பேத்தி கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்கிறாள். உனக்கு எத்தனையால் பெருக்குவது என்று கேட்கிறாள். வயதைச் சொல்லிவிட்டேன், முழங்கால் விவரத்தை நீதான் எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்