விடுமுறை வேதாகமப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தக் கோடையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்திருக்கும் அன்புத் தம்பி தங்கையருக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், யாருக்கு எந்த வகுப்பு, என்ன பாட்டு, எத்தனை சார்ட் என்று ஆலய வராந்தாவில் நீங்கள் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உங்கள் ஆர்வம் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் பத்து நாள் பாடங்களும் ஒரு மணி நேரத்தில் பங்குபோட்டு முடிந்துவிட்டன. இந்தப் பாடம் எனக்கு என்ன சொல்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நானும் அப்படித்தான் இருந்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் ஜூனியர் வகுப்பு எனக்கு. மனப்பாட வசனம் மத்தேயு 5:24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடே ஒப்புரவாக, அதாவது சமாதானமாக, சொல்லும் வசனம். வண்ணத்தாளில் பலிபீடம் வெட்டி ஒட்ட இரவு பதினொரு மணி வரை விழித்திருந்தேன். அப்பா வீட்டுப் பங்கு விஷயத்தில் அக்காவோடு பேச்சு நின்று அப்போது இரண்டு வருடம். அக்கா மகள் என் வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருந்தாள். ‘சித்தி’ என்று என் காலைச் சுற்றி வளர்ந்த பிள்ளை, அந்த இரண்டு வருடமாக ‘டீச்சர்’ என்றுதான் அழைத்தாள். வசனத்தைச் சொல்லச் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சொல் தவறாமல் சொன்னாள். ‘ஒப்புரவாகி’ என்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நோட்டில் நட்சத்திரம் ஒட்டும்போது என் கை நடுங்கியது.

அக்காமேல் எனக்கு இருந்த குறைகளையே எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அதற்கு முந்தின வசனமோ, ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுகூரச் சொல்கிறது. ஒரு வாரமாக அந்தப் பக்கம் என் மடியில் விரிந்து கிடந்தது. ஆண்டவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் கேட்க நேரம் இல்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசாமல் ஒரு முக்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டாள். மறுநாள் அதே வசனத்தைச் சார்ட் இல்லாமல் மறுபடியும் நடத்தினேன்.

ஆண்டவருடைய சத்தத்தைக் கேட்பது என்றதும் தரிசனமும் சொப்பனமும் வரவேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது, நமக்குப் பிடிக்காத ஒரு வசனத்தைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நிற்பதுதான். இரவில் தன்னை அழைத்த ஆண்டவரிடம் ‘அடியேன் கேட்கிறேன்’ என்ற சிறுவன் சாமுவேலுக்கு முதலில் கிடைத்த வார்த்தையும் இனிப்பானதல்ல. தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பு அது. விடியும்வரை படுத்துக்கிடந்தான், சொல்லப் பயந்தான். பாடப் புத்தகங்களில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எஸ்றா 7:10ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், உபதேசிக்கவும் வேதபாரகரான எஸ்றா தம் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தார். ‘செய்யவும்’ என்பது நடுவில் இருக்கிறது. பெர்சிய ராஜாவான அர்தசஷ்டாவின் 7ஆம் வருடத்தில் எருசலேமுக்கு வந்தவர் அவர். தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில், மரப்பீடத்தின்மேல் நின்று, காலை தொடங்கி மத்தியானம் வரை அவர் வேதம் வாசித்ததை நெகேமியா புத்தகம் சொல்கிறது. அது அதே ராஜாவின் 20ஆம் வருடத்துக்குப் பிந்தியது, அதாவது அவர் வந்து பதின்மூன்று வருடமாவது ஆன பிறகு. ஜனங்கள் அதைக் கேட்டு அழுதார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்துக்குத் தாளும் கத்தரிக்கோலும் பசையும் நானே கொண்டுவருகிறேன். வெட்டுவதற்கு முன், முதல் நாள் பாடத்தை எல்லாரும் குறிப்பு எடுக்காமல் வாசித்து, அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் யாருடைய முகமாவது நினைவுக்கு வந்து, எழுந்து போகவேண்டும் என்று தோன்றினால் போய்வாருங்கள். உங்கள் வகுப்புக்கான சார்ட்டை நான் வெட்டி வைக்கிறேன்.

உங்கள் அக்கா,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை